வெர்னா வழக்கு



ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்கு இரண்டு வகைக் கூட்டம் வரும். குளிக்க வருபவர்கள் ஒரு கூட்டம். அவர்கள் வந்த வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் இளவட்டங்கள் இன்னொரு கூட்டம். ஐந்தருவிப் பக்கமோ பழைய குற்றாலத்திலோ வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில் வண்டிகளுக்கு நடுவே கொல்லம், புனலூர், திருவனந்தபுரம் வண்டிகள் நிற்கும். கார் என்றால் சோறு தண்ணி மறந்து பேசுகிறவர்கள் இரண்டு மாநிலத்திலும் உண்டு. அவர்கள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே நின்று வாதாட ஓர் இடம் வேண்டுமானால், அது தென்காசிச் சீமைதான்.

அந்த வாதத்தில் சில சீசன்களாக ஓயாமல் அடிபடும் வண்டி ஹூண்டாய் வெர்னா. 2023 மார்ச் 21 அன்று அது புது வடிவில் வந்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. நம் இதழுக்கு வரும் கடிதங்களிலும் அதே வழக்குதான். ஆலங்குளத்திலிருந்து ஒருவர் ஆதரித்து எழுதினால் புளியங்குடியிலிருந்து இன்னொருவர் எதிர்த்து எழுதுகிறார். இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை அந்த வழக்குக்கே தந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வெர்னாவைப் பார்க்காதவர்களுக்காக முதலில் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் பானட்டும் பம்பரும் சேரும் இடத்தில், இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரே கோடாக ஒரு வெள்ளை விளக்கு ஓடுகிறது. பாதையைக் காட்டும் ஹெட்லைட் அதற்குக் கீழே, பம்பரின் ஓரத்துக்கு இறங்கிவிட்டது. பக்கவாட்டில் கதவுத் தகடுகளில் கூர்மையான மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. கூரை பின்னால் நெடுகச் சரிந்து டிக்கியோடு கலக்கிறது. பின்பக்கமும் அகலம் முழுக்க ஒரே சிவப்பு விளக்குப் பட்டை. டர்போ மாடல் என்றால் கறுப்பு அலாய் சக்கரமும் அதற்குள் சிவப்பு பிரேக் காலிப்பரும் சேர்ந்துகொள்ளும்.

"மூஞ்சியில ஒரு கோட்டப் போட்டுட்டா ஸ்போர்ட்ஸ் வண்டி ஆயிருமா அண்ணாச்சி?" என்று கடையநல்லூர்க்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். பக்கத்திலேயே நின்ற அவர் தம்பி விடவில்லை. "அண்ணன் முன்னால மட்டும் பாக்கான். பின்னால வந்து பாருங்க, இப்படி ஒரு வண்டி இந்த விலைக்கு எவன் குடுக்கான்?" என்றார். ஒரே வீட்டில் இரண்டு கட்சி. நான் கேட்ட இடத்திலெல்லாம் பிளவு கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. முன்பக்கம் பிடிக்காதவர்களும் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் ஒப்புக்கொள்கிறார்கள். மொத்தமாக வெறுப்பவர் குறைவு. மொத்தமாகக் கொண்டாடுபவரும் குறைவு.

ஒரு காரின் முகத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்பவர்கள் வெர்னாவின் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1999இல் ஆக்சென்ட் வந்தது. அதன் வாரிசாக 2006இல் முதல் வெர்னா வந்தது. அப்போது அது நல்ல டீசல் என்ஜின் கொண்ட, பார்ப்பதற்குச் சாதாரணமான வண்டி. 2011இல் வந்த வெர்னாதான் எல்லாவற்றையும் மாற்றியது. வளைந்து நெளிந்த உடல், 1.6 லிட்டர் டீசலில் 128 பி.எஸ். சக்தி. அந்த விலையில் அதுவரை யாரும் தராத வேகம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் சென்னைக்கும் பெங்களூருக்கும் இரவோடு இரவாக ஓட்டிப் போய் வருகிறவர்களிடம் அந்த வண்டிக்கு இருந்த மரியாதையை நேரில் பார்த்திருக்கிறேன். வேகத்தில் ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது, சஸ்பென்ஷன் மெத்தென்று ஆடுகிறது என்று அன்றைக்கும் ரசிகர்கள் குறை சொன்னார்கள். ஆனாலும் வாங்கினார்கள். 2017இல் வந்த அடுத்த வெர்னா அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் சரிசெய்தது. 2020இல் முகத்தைத் திருத்தி, 120 பி.எஸ். தரும் சின்ன ஒரு லிட்டர் டர்போவைக் கொடுத்தார்கள். கூடவே ஆட்டோமேட்டிக் கியர் மட்டும்தான் கிடைத்தது. கியர் மாற்றி ஓட்டும் சுகத்துக்கு ஏங்கியவர்கள் மனம் நொந்தார்கள்.

இவ்வளவு காலம் கூடவே வந்தவர்கள்தான் இன்று முகத்தைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள். நம்மோடு சம்பந்தமில்லாத வண்டியின் விளக்கு மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? இந்தக் கோபத்தில் உரிமை இருக்கிறது. இன்னொரு உரிமையும் நமக்கு உண்டு. ஆக்சென்ட் முதல் இந்த வெர்னா வரை எல்லாமே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்டவை. கொரியாவில் வரைந்த கோடுதான் என்றாலும் அதைத் தகட்டில் கொண்டுவந்த கைகள் நம்முடையவை. நம் மண்ணில் செடான் செய்வது நேற்று தொடங்கியதுமல்ல. 1960களில் சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள். அந்த உடலை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1998இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். ஐகானின் 1.6 பெட்ரோலை ஓட்டியவர்களுக்கு இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்கிறது. லான்சர் போய்விட்டது. ஃபோர்டும் 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஓட்டுவதற்கென்றே ஒரு செடான் இன்னும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி என் கருத்து. இந்த வண்டியின் வடிவத்தை ஷோரூம் விளக்கிலும் உச்சி வெயிலிலும் பார்த்து முடிவு செய்தவர்கள் ஒருமுறை சாரல் நேரத்தில் குற்றாலத்தில் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயில் தகட்டின் மேல் பட்டுத் தெறிக்கும்போது கூரிய மடிப்புகள் துண்டுதுண்டாகத் தெரியும். ஒரு கதவில் ஐந்தாறு வெளிச்சம், ஐந்தாறு நிழல். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். மேகம் மூடிய வானத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழுகிறது. அப்போது மடிப்புகள் அடங்கி, முன்சக்கரத்துக்கு மேலே தொடங்கிப் பின்விளக்கு வரை போகும் முழு உருவம் ஒன்றாகத் தெரிகிறது. திரிகூட மலையின் பச்சைக்கு முன்னால் நின்ற ஒரு பழுப்பு நிற வெர்னாவைப் பார்த்தபோதுதான், வரைந்தவர்கள் என்ன நினைத்து வரைந்தார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது.

அளவுகளும் அதைத்தான் சொல்கின்றன. முந்தைய வெர்னாவின் நீளம் 4,440 மி.மீ., இதன் நீளம் 4,535. அகலம் 1,729இலிருந்து 1,765 ஆனது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2,600இலிருந்து 2,670 ஆனது. உயரம் மட்டும் மாறவே இல்லை: அதே 1,475. நீளமும் அகலமும் கூடி உயரம் அப்படியே நின்றால் வண்டி தரையோடு படிந்து தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்கள் "கெத்தா இருக்கு" என்று சொல்வதற்குக் காரணம் விளக்கோ ஸ்டிக்கரோ இல்லை, இந்த விகிதம்தான்.

முகத்தைப் பொறுத்தவரை நான் பாதி எதிர்க்கட்சி. இரவில் எதிரே வரும்போது அந்த நீண்ட விளக்கு அழகு. அதில் எனக்குச் சண்டையில்லை. ஹெட்லைட்டைப் பம்பர் ஓரத்துக்கு இறக்கியதுதான் உறுத்துகிறது. தென்காசித் தேரோடும் வீதிகளில் திருவிழா நெரிசலில் ஒரு பைக் உரசினாலும், நிறுத்தும்போது ஒரு கல்தூண் இடித்தாலும் முதலில் அடி வாங்குவது அந்த இடம். பம்பர் என்பது அடி வாங்கவே இருப்பது. அதில் விலை உயர்ந்த விளக்கைக் கொண்டுபோய் வைத்தது நம் தெருக்களை நினைத்து வரைந்த கோடாகத் தெரியவில்லை.

சரிந்த கூரைக்கும் ஒரு விலை உண்டு. பின்சீட்டில் காலுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது, ஆனால் உயரமானவர்களுக்குத் தலை கூரையை நெருங்கிவிடுகிறது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் தாழ்ந்த சீட்டில் குனிந்து உட்கார்ந்து எழுவது சிரமம். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்குப் பெற்றோரை அழைத்துப் போகிறவர் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. டிக்கி மட்டும் 528 லிட்டர். சீசன் முடிந்து திரும்பும்போது மங்குஸ்தானும் ரம்புட்டானும் நேந்திரம் சிப்ஸும் ஈரத் துணி மூட்டையும் வைத்த பிறகும் இடம் மிஞ்சும்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். வழக்கில் எதிர்க்கட்சி வாயடைத்துப் போகும் இடம் இது.

1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 பி.எஸ். சக்தி, 253 என்.எம். முறுக்குவிசை. நின்ற இடத்திலிருந்து நூறு கி.மீ. வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக் மாடலுக்கு 8.1 விநாடி என்கிறது நிறுவனம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண். அந்த முழு முறுக்குவிசையும் 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது, 3,500 வரை குறையாமல் நிற்கிறது. புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவைக் கொண்டே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றி, அதன் மறுமுனையால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. பழைய டர்போக்கள் விசிறி வேகமெடுக்கும் வரை தூங்கும், பிறகு திடீரென்று பாயும். இது அப்படித் தூங்குவதில்லை. கூடவே ஆறு கியர் மேனுவலும் உண்டு. 2020இல் மனம் நொந்தவர்களுக்கு 2023இல் கிடைத்த ஆறுதல் அது. இந்தச் சக்திக்கு மேனுவல் கியர் கொடுத்ததற்காகவே முகத்தை மன்னித்தவர்கள் இருக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கு வரும் சாலை அகலமாகி நேராகிவிட்டது. அதில் எந்த வண்டியும் நன்றாக ஓடும். வித்தியாசம் தெரிவது செங்கோட்டைக்கு மேற்கேதான். இடையில் ஒன்று சொல்ல வேண்டும். செங்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், மரம் அறுக்கும் ஆலைகள் வரிசையாக இருக்கும் பிரானூரை இன்றும் எல்லோரும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாளச் சீமையோடு இருந்தது, எல்லை இங்கே ஓடியது. எல்லை மேற்கே போன பிறகும் பேர் இங்கேயே நின்றுவிட்டது, பரோட்டாக் கடைகளும் நின்றுவிட்டன. நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போவது என் வழக்கம், உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

புளியரை தாண்டினால் மலை. கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில், ஆரியங்காவு ஏறும் வழியில், எஸ் வளைவு என்று ஊரே அறிந்த திருப்பம் வருகிறது. அரிசியும் காய்கறியும் சிமெண்டும் கல்லும் ஏற்றிய லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். இங்கேதான் செடானின் தாழ்ந்த உடலுக்கு அர்த்தம் புரிகிறது. இதே 1.5 டர்போ என்ஜினைத்தான் 2024இல் வந்த கிரெட்டா எஸ்.யூ.வி.யிலும் ஹூண்டாய் வைத்தது. இரண்டும் ஒரே தொழிற்சாலை வண்டிகள். கிரெட்டாவின் உயரம் 1,635 மி.மீ. வெர்னாவை விட 160 மி.மீ. அதிகம். அந்த உயரம் பெரியவர்கள் ஏறி இறங்க நல்லது, பள்ளம் மேட்டுக்கும் நல்லது. வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாய்வது மட்டும் கூடிவிடும். வெர்னா சாயாமல் திரும்புகிறது. உள்ளே இருப்பவர்கள் கதவுப் பிடியைத் தேடுவதில்லை. பின்சீட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் தென்மலை வரை போய்ச் சேருகிறார்கள். செடானைக் கைவிட்டு எஸ்.யூ.வி. பக்கம் ஊரே போய்விட்ட காலத்தில், ஒரு மலைப்பாதையாவது தாழ்ந்த வண்டியின் பக்கம் சாட்சி சொல்கிறது.

போட்டியாளர்களைச் சொல்லாமல் விட்டால் தீர்ப்பு நியாயமாகாது. 2022இல் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் 1.5 டர்போவில் 150 பி.எஸ்., 250 என்.எம். காகிதத்தில் வெர்னா முந்துகிறது. கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் விர்டுஸின் கனமும், வேகத்தில் அது சாலையைப் பிடித்து நிற்கும் விதமும் எனக்கு இன்னும் ஒரு படி மேலாகப் படுகின்றன. ஸ்கோடா ஸ்லாவியாவும் அதே குணம். இருக்கை வசதியிலும் உள்ளலங்காரத்திலும் வெர்னா அவற்றைத் தாண்டிவிடுகிறது. ஓட்டுவது மட்டுமே முக்கியம் என்றால் விர்டுஸ், ஓட்டுவதும் வேண்டும் வீட்டில் சண்டையும் வரக் கூடாது என்றால் வெர்னா.

டீசல் போனது நம் பக்கத்து வாசகர்களின் பெரிய வருத்தம். சாலையிலேயே புகையை அளந்து பார்க்கும் கடுமையான விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது. அதற்கு முன்பே புது வெர்னாவில் டீசலை விட்டுவிட்டார்கள். டர்போ மேனுவல் லிட்டருக்கு 20 கி.மீ. தரும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. மலை ஏறி, சக்தியை அனுபவித்து ஓட்டுகிறவர்கள் அதை எதிர்பார்க்கக் கூடாது.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2023 அக்டோபரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வெர்னா பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. அதே அறிக்கை வண்டியின் உடற்கூட்டை நிலையற்றது என்றும் குறித்தது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும். வாங்குகிறவர் இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இளைய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. 253 என்.எம். முறுக்குவிசையை இரண்டு முன்சக்கரங்கள் மட்டுமே தாங்க வேண்டும். காய்ந்த சாலையிலேயே முதல் கியரில் அழுத்தி மிதித்தால் டயர் சுற்றும். சாரலில் நனைந்து, லாரிகள் சிந்திய டீசலும் உதிர்ந்த இலையும் கிடக்கும் புளியரைத் திருப்பத்தில் அதே மிதி மிதித்தால் ஸ்டியரிங் எங்கே திரும்பினாலும் வண்டி நேரே போகும். எஸ் வளைவில் எவ்வளவு சக்தி இருந்தாலும் லாரியை முந்தாதீர்கள். எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது. இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நம் லாரி ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பாடம் அது, டர்போவுக்கும் பொருந்தும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அடிவாரம் வருவதற்குள் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கோடு அழிந்த மலைச் சாலையில், கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருத்தும் வசதியை அணைத்துவிடுவது நல்லது.

வேகம் வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. வெர்னா பிறக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான், 1990இல் திறந்த சென்னை ரேஸ் டிராக் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் தடம் அது. கோவைப் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, பந்தயத்தைப் பற்றிக் கேட்டு எழுதும் தென்மாவட்டப் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். மனம் நிறைகிறது. அவர்களுக்கும் இதையே எழுதுகிறேன்: டிராக்கில் பழகுங்கள், மலையில் பழகாதீர்கள்.

என் தீர்ப்பு இதுதான். முகத்துக்குப் பாதி மதிப்பெண், மற்ற மூன்று பக்கத்துக்கும் முழு மதிப்பெண். மேனுவல் டர்போ இந்த விலையில் நம் மாநிலம் செய்த மிக நல்ல ஓட்டுநர் வண்டிகளில் ஒன்று. ஐகானுக்குப் பிறகு நான் இப்படிச் சொல்வது இதைத்தான்.

தீர்ப்பை ஏற்காதவர்கள் மேல்முறையீடு செய்யலாம். 2006, 2011, 2017, 2023 எந்த ஆண்டு வெர்னாவை வைத்திருந்தாலும் எழுதுங்கள். புளியரையும் ஆரியங்காவும் ஏறும்போது அது எப்படி இருந்தது, மழையில் எந்த டயர் பிடித்தது, ஐந்து ஆண்டு கழித்தும் அந்த முகம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று எழுதுங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காதவர்கள் எழுதுவதற்கு முன் ஒரு டெஸ்ட் டிரைவ் போய் வாருங்கள். நல்ல கடிதங்கள் ஐப்பசி இதழில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்